கொடையும் மணமும் நஞ்சும்: ஜெர்மானிய மொழிகளில் 'கிஃப்ட்' என்னும் சொல்லின் பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

'கிஃப்ட்' என்னும் ஓரசைச் சொல் ஆங்கிலத்தில் அன்பளிப்பையும் ஜெர்மனில் நஞ்சையும் குறிக்கிறது. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் அதுவே நஞ்சையும் மணமான நிலையையும் ஒருசேரக் குறிக்கிறது. இவை வெவ்வேறு வேர்களிலிருந்து தோன்றித் தற்செயலாக ஒலி ஒத்துப்போன சொற்கள் அல்ல. 'கொடு' என்னும் ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. இப்பொருள் வேறுபாட்டைக் கொடையின் இயல்பிலேயே உள்ள இருமையின் வெளிப்பாடாக மார்செல் மோஸ் விளக்கினார். அவ்விளக்கத்தைச் சட்டநூல்கள், ஒலிமாற்றம், இலக்கணப் பால், மொழிகளுக்கிடையிலான கடன் ஆகிய சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்கிறது இக்கட்டுரை. கொடுத்தல் என்னும் வினையின் செயப்படுபொருள் சொல்லப்படாமல் விடப்பட்டபோது, சட்டமும் மருத்துவமும் அவ்விடத்தைத் தத்தம் வழியில் நிரப்பியதே மூன்று பொருள்களும் தோன்றக் காரணம் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஜெர்மானிய மொழிகள், சொற்பொருள் மாற்றம், கடன் மொழிபெயர்ப்பு, மங்கல வழக்கு, மணச் சட்டம், மார்செல் மோஸ்.

முன்னுரை

ஒரு சொல்லுக்கு ஒன்றற்கொன்று முரணான பொருள்கள் இருக்கும்போது, அம்முரணே சொல்லின் ஆழத்தைக் காட்டுகிறது என்று கருதும் போக்கு சொல்லாய்வில் உண்டு. கேட்பதற்கு இனிமையான விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டால், அது எந்த நூற்றாண்டில், எந்த மொழியில், யாருடைய வழக்கில் நிகழ்ந்தது என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. இப்போக்கின் வலிமையையும் வரம்பையும் சோதித்தறிய 'கிஃப்ட்' என்னும் சொல் பொருத்தமான சான்றாகும்.

ஆங்கிலம் அறிந்தவர் அன்பளிப்பு என்று படிக்கும் அதே எழுத்துகளை ஜெர்மன் அறிந்தவர் நஞ்சு என்று படிப்பார். ஸ்டாக்ஹோமில் ஒருவர் அச்சொல்லைத் தம்மைப் பற்றிக் கூறினால் அவர் மணமானவர் என்று பொருள். புட்டியின் மேல் அதே சொல் எழுதப்பட்டிருந்தால் உள்ளே இருப்பது நஞ்சு. இவ்வேறுபாடு அம்மொழிகளைப் பேசுவோரிடையே நகைச்சுவைக்கு இடமளித்து வருகிறது. வரலாற்று ஆய்வுக்கோ இது வேறொரு வினாவை முன்வைக்கிறது. கொடை, மணம், நஞ்சு ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் வந்து சேர்ந்தது எவ்வாறு? அவை ஒரே காலத்தில் ஒரே சிந்தனையிலிருந்து பிறந்தனவா, அல்லது வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தனவா?

சொல்லின் அமைப்பு

ஜெர்மானிய மொழிகள் அனைத்திலும் கொடுத்தலைக் குறிக்கும் வினை ஒன்றே. காத்திக் மொழியில் 'கிபன்', பழைய உயர் ஜெர்மனில் 'கெபன்', பழைய நார்ஸ் மொழியில் 'கெவ', இன்றைய ஜெர்மனில் 'கேபன்', ஆங்கிலத்தில் 'கிவ்' என அது வழங்குகிறது. இவ்வினையடியோடு தொழிற்பெயர் விகுதியாகிய டகர ஒலி சேரும்போது, அடியின் இறுதியிலுள்ள இதழொலி 'ஃப்' என்னும் உரசொலியாக மாறுகிறது. ஆங்கிலத்தில் 'டிரைவ்' என்பதிலிருந்து 'டிரிஃப்ட்', 'திரைவ்' என்பதிலிருந்து 'திரிஃப்ட்' பிறந்ததும், ஜெர்மனில் எழுதுதலைக் குறிக்கும் 'ஷ்ரைபன்' என்பதிலிருந்து எழுத்தைக் குறிக்கும் 'ஷ்ரிஃப்ட்' பிறந்ததும் இவ்வாறே. எனவே 'கிஃப்ட்' என்பதன் முதற்பொருள் கொடுத்தல் என்னும் செயலே. கொடுக்கப்படும் பொருள் அன்று.

செயலைக் குறிக்கும் பெயர் அச்செயலுக்கு உரிய பொருளைக் குறிப்பதைத் தமிழ் இலக்கணம் தொழிலாகுபெயர் என்று வகைப்படுத்தும். வற்றுதலைக் குறிக்கும் 'வற்றல்' வற்றிய உணவுப்பொருளுக்கு ஆகி வருவது இதற்கு அறியப்பட்ட சான்று. 'கிஃப்ட்' என்பதும் இவ்வகையினதே. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. வற்றுதல் செயப்படுபொருளை வேண்டாத வினை. கொடுத்தலோ செயப்படுபொருளை வேண்டும் வினை. கொடுப்பவர், கொள்பவர், கொடுக்கப்படுவது ஆகிய மூன்றும் இருந்தால்தான் அச்செயல் நிறைவுறும். 'கிஃப்ட்' என்னும் பெயரில் இம்மூன்றும் தொக்கு நிற்கின்றன. கொடுக்கப்படுவது எது என்பதைச் சொல் தானாக உணர்த்துவதில்லை. அதனைச் சூழல் உணர்த்த வேண்டும். இச்சொல்லின் பொருள் வரலாறு இவ்வெற்றிடத்திலிருந்தே தொடங்குகிறது.

ஆங்கிலம்: பொருள் நிலைத்தது, ஒலி இடம்பெயர்ந்தது

கொடை என்னும் பொருள் நிலைத்துள்ள ஆங்கிலத்திலேயே இச்சொல்லின் வரலாறு நேர்க்கோட்டில் அமையவில்லை. பழைய ஆங்கிலத்தில் முன்னுயிருக்கு முன் வரும் ககரம் யகரமாக ஒலித்தது. எனவே 'கிஃப்ட்' என எழுதப்பட்ட சொல் 'யிஃப்ட்' என்றே ஒலிக்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எழுதிய சாசரின் மொழியிலும் இச்சொல் யகர ஒலியோடு காணப்படுகிறது. இன்றைய ஆங்கிலச் சொல்லின் வல்லொலி பழைய ஆங்கிலத்தின் நேரடித் தொடர்ச்சியன்று. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் நார்ஸ் மொழி வழியாக வந்தது அது. 'கிவ்' என்னும் வினைக்கும் இதுவே நேர்ந்தது.

இதில் கருதத்தக்க முரண் ஒன்று உண்டு. வல்லொலியை ஆங்கிலத்திற்கு வழங்கிய நார்ஸ் மொழியின் வழித்தோன்றல்களாகிய ஸ்வீடிஷும் நார்வேஜியமும் பிற்காலத்தில் முன்னுயிருக்கு முன்னிருந்த ககரத்தை யகரமாக மாற்றிக்கொண்டன. இன்று ஸ்வீடனில் இச்சொல் 'யிஃப்ட்' என்றே ஒலிக்கிறது. ஆக, கடன் கொடுத்த மொழி இழந்த ஒலியைக் கடன் பெற்ற மொழி காத்து வைத்துள்ளது.

பொருளிலும் ஆங்கிலம் மாற்றம் கண்டது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் ஒருமை வடிவம் மணமகன் தரப்பில் பெண்ணுக்காகக் கொடுக்கப்படும் பரிசத்தையும், 'யிஃப்ட' என்னும் பன்மை வடிவம் திருமணத்தையும் குறித்தன. பொதுவான அன்பளிப்பைக் குறிக்க அதே வேரிலிருந்து வந்த 'யிஃபு' என்னும் வேறொரு பெயர் பெருவழக்காக இருந்தது. எனவே இன்று மாற்றமே காணாததுபோல் தோன்றும் ஆங்கிலச் சொல்லும் ஒரு காலத்தில் மணச் சொல்லாக இருந்ததே. அப்பொருளின் பின்னணியைச் சட்டநூல்கள் தெளிவுறுத்துகின்றன.

சட்டத்தின் சொல்: மணம்

இவ்வேரை மணத்தோடு இணைக்கும் மிகப் பழைய சான்று காத்திக் விவிலியத்தில் உள்ளது. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா கிரேக்கத்திலிருந்து காத்திக் மொழிக்கு விவிலியத்தைப் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பின் புகழ்பெற்ற படியாகிய வெள்ளிச் சுவடி 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்று ஸ்வீடனின் உப்சாலாப் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. லூக்கா நற்செய்தியில் மரியாள் யோசேப்புக்கு மண ஒப்பந்தம் செய்யப்பட்டவர் என்று கூறுமிடத்தில், 'கிஃப்ட்' என்பதன் முன் 'ஃப்ர' என்னும் முன்னொட்டுச் சேர்ந்த 'ஃப்ரகிஃப்ட்ஸ்' என்னும் சொல்லின் வடிவம் ஆளப்பட்டுள்ளது. மண ஒப்பந்தம் என்பது பெண்ணைக் கொடுத்தல் என்று அங்குச் சொல்லமைப்பே காட்டுகிறது.

அடுத்த முதன்மைச் சான்று இங்கிலாந்துச் சட்டத்தில் உள்ளது. வெசெக்ஸை 688 முதல் 726 வரை ஆண்ட மன்னர் ஐனியின் சட்டங்கள், 9ஆம் நூற்றாண்டில் மன்னர் ஆல்ஃபிரட் தொகுத்த சட்டநூலின் பின்னிணைப்பாக எஞ்சியுள்ளன. அவற்றின் 31ஆம் பிரிவு, பெண்ணுக்காகப் பொருள் கொடுத்து ஒப்பந்தம் செய்தபின் 'கிஃப்ட்' நிகழாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரையறுக்கிறது. வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதோடு, அதே அளவு பொருளை மீண்டும் செலுத்த வேண்டும். பிணை நின்றவருக்கும் ஈடு அளிக்க வேண்டும். இங்கு அச்சொல்லைத் 'திருமணம்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் பிரிவின் உள்ளடக்கத்தை நோக்கினால், பேசப்படுவது பெண்ணை ஒப்படைக்கும் செயலே என்பது விளங்கும். பொருள் ஒரு திசையில் சென்றுவிட்டது. மறுதிசையில் வரவேண்டிய பெண் வரவில்லை. அவ்வாறு வராமையையே சட்டம் இச்சொல்லால் சுட்டுகிறது.

பெண் கொடுக்கப்படுபவள் மட்டுமல்லள், கொள்பவளாகவும் இருந்தாள். மணநாளுக்கு மறுநாட் காலையில் கணவன் மனைவிக்கு அளிக்கும் 'காலைக் கொடை' ஜெர்மானியச் சமூகங்களில் பரவலாக இருந்தது. ஜெர்மனில் 'மோர்கன்காபே' எனப்படும் அது, இதே வினையடியிலிருந்து பிறந்த மற்றொரு பெயரைக் கொண்டு அமைந்தது. 587ஆம் ஆண்டின் அந்தெலோ உடன்படிக்கையின் வாசகத்தைத் தூர் நகர ஆயர் கிரெகோரி தம் வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். ஃபிராங்க் மன்னர் கில்பெரிக்கை மணந்த விசிகாத் இளவரசி கல்ஸ்விந்தாவுக்குப் போர்தோ, லிமோஷ், காவோர் உள்ளிட்ட ஐந்து நகரங்கள் சீதனமாகவோ காலைக் கொடையாகவோ உரியனவாயிருந்தன என்பதை அவ்வாசகம் குறிக்கிறது. கல்ஸ்விந்தா கணவனின் ஏவலால் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டாள் என்று கிரெகோரி எழுதுகிறார். அவளுக்குரிய நகரங்கள் அவள் தங்கை புரூன்ஹில்டாவைச் சேர வேண்டும் என்பதே உடன்படிக்கையின் ஒரு கூறு. கொள்பவள் இறந்த பின்னும் கொடை சட்டத்தில் நிலைத்தது. கொடுத்தல் பற்றிய சொற்களைச் சட்டம் துல்லியமாகப் பேணியதன் காரணம் இதனால் புலனாகும்.

ஸ்காண்டிநேவியாவில் மணப்பொருள் இன்றுவரை நீடிக்கிறது. பழைய நார்ஸில் 'கிஃப்ட' என்னும் வினை பெண்ணை மணம் செய்து கொடுத்தலைக் குறித்தது. ஆண் மணம் செய்வதைக் குறிக்க, மனைவி என்னும் பெயரிலிருந்து பிறந்த வேறொரு வினை இருந்தது. இவ்வேறுபாட்டின் சுவடு ஐஸ்லாந்திக்கில் இன்றும் உள்ளது. மணமான ஆணைக் 'குவைன்துர்' என்றும், மணமான பெண்ணைக் 'கிஃப்ட்' என்றும் கூறுவது அங்கு மரபு. முன்னது மனைவியை உடையவன் என்னும் பொருளது; பின்னது கொடுக்கப்பட்டவள் என்னும் பொருளது. எனவே மணம் என்னும் பொருள் இச்சொல்லுக்குத் தொடக்கத்திலேயே பொதுவாக அமைந்ததன்று. செயப்படுபொருளின் இடத்தில் பெண்ணை வைத்ததால் பிறந்தது அது.

ஸ்வீடனின் சட்ட வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகிறது. ஒரு பெண்ணை மணம் செய்து கொடுக்கும் உரிமை உடையவர், பெரும்பாலும் தந்தை, 'யிஃப்டுமான்' எனப்பட்டார். இடைக்கால மாநிலச் சட்டங்களில் மணம் பற்றிய பகுதி இச்சொல்லாலேயே பெயர் பெற்றது. 1734ஆம் ஆண்டின் ஸ்வீடன் பேரரசுச் சட்டத் தொகுப்பின் முதற்பகுதி 'யிஃப்டர்மோல்' பற்றியது. 1920ஆம் ஆண்டு இயற்றப்பட்ட புதிய மணச் சட்டம் மனைவிமேல் கணவனுக்கிருந்த காப்பாளர் உரிமையை நீக்கியது. பெயரில் மட்டும் பழைய சொல்லைத் தக்கவைத்துக்கொண்டது. 1987இல் இயற்றப்பட்டு 1988ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மணச் சட்டத்தின் பெயரிலோ அச்சொல் இல்லை. 'எக்டென்ஸ்காப்' என்னும் வேறு சொல் அவ்விடத்தைப் பெற்றது. பெண்ணைக் கொடுப்பவர் என்னும் நிலை முதலில் சட்டத்திலிருந்து மறைந்தது; பின்னர்ச் சொல்லும் சட்டத்தின் தலைப்பிலிருந்து மறைந்தது. பேச்சு வழக்கில் மட்டும் அது ஆண், பெண் இருவருக்கும் பொதுவாகி, கொடுத்தல் என்னும் நினைவே இன்றி வழங்குகிறது.

ஆங்கிலத்தில் மணப்பொருள் நிலைக்கவில்லை. பிணை அல்லது உறுதிமொழி என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்த 'வெட்டிங்' என்பதும், பிரெஞ்சிலிருந்து வந்த 'மேரேஜ்' என்பதும் அவ்விடத்தை நிரப்பின. ஆனால் கொடுத்தல் என்னும் கருத்து சடங்கில் தங்கியது. 1549ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில், மணப்பெண்ணைக் கொடுப்பவர் யார் எனக் குரு வினவும் பகுதி இடம்பெற்றது. சொல் விட்டுச்சென்ற பொருளைச் சடங்கு காத்தது.

மருத்துவத்தின் சொல்: நஞ்சு

நஞ்சைக் குறிக்க ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல் ஒன்று இருந்தது. அது பழைய நார்ஸில் 'எயிட்ர்', பழைய உயர் ஜெர்மனில் 'எய்தர்', பழைய ஆங்கிலத்தில் 'ஆட்டர்' என வழங்கியது. ஐஸ்லாந்திக்கில் இன்றும் நஞ்சுக்கு இதுவே இயல்பான சொல். ஜெர்மனில் இது 'ஐட்டர்' எனத் திரிந்து, புண்ணின் சீழை மட்டும் குறிக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. டேனிஷில் சிலந்தியைக் குறிக்கும் 'எடர்கோப்' என்னும் சொல்லின் முற்பகுதியில் இது ஒளிந்துள்ளது. ஆங்கிலத்தில் சிலந்திக்கு வழங்கிய 'அட்டர்காப்' என்னும் வட்டார வழக்கிலும் அவ்வாறே. இச்சொல்லின் பரவல், 'கிஃப்ட்' என்பது நஞ்சுக்கு உரிய பழைய ஜெர்மானியப் பெயர் அன்று என்பதைத் தெளிவாக்குகிறது. அது பின்னர் வந்து பழைய சொல்லின் இடத்தைப் பிடித்தது.

அவ்வாறு வந்த வழி மருத்துவம் எனச் சொற்பிறப்பு ஆய்வாளர் கருதுவர். கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்பது கொடுத்தல் என்னும் பொருளுடைய தொழிற்பெயர். மருத்துவ வழக்கில் ஒருமுறை கொடுக்கப்படும் மருந்தின் அளவை அது குறித்தது. பிற்கால இலத்தீன் மருத்துவ நூல்கள் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. இலத்தீன் நூல்களைக் கற்ற ஜெர்மானியர், சொல்லின் உறுப்புகளையும் பொருளையும் தம் மொழிக்குப் பெயர்த்து ஆளும் வழக்கம் உடையவர்கள். இரக்கத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல் இலத்தீனின் 'மிசெரிகோர்தியா' என்பதைப் பின்பற்றி அமைந்தது இதற்கு நல்ல சான்று. கொடுத்தலைக் குறிக்கும் 'கிஃப்ட்' என்பதும் 'டோசிஸ்' என்பதன் மருத்துவப் பொருளை இவ்வாறே ஏற்றது. பழைய உயர் ஜெர்மனில் கொடை என்னும் பொருளே அதற்கு அடிப்படையாக இருந்தது. ஏறத்தாழ 1050 முதல் 1350 வரையிலான இடைக்கால உயர் ஜெர்மனில் கொடை, நஞ்சு என்னும் இரு பொருளும் அருகருகே வழங்கின. அதன்பின் நஞ்சே எஞ்சியது.

கொடுக்கப்பட்ட அளவு என்பது கொல்லும் அளவாக ஏன் சுருங்கியது என்பது அடுத்த வினா. கூறத் தகாததை வேறொரு நல்ல சொல்லால் கூறுவதை நன்னூல் தகுதி வழக்கு என்று வகுத்து, அதனுள் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றைச் சேர்க்கும். மருத்துவரின் குழூஉக்குறியாகத் தொடங்கிய சொல் பொதுவழக்கில் மங்கலமாக மாறியது எனலாம். நஞ்சு என்று சொல்லாமல் 'கொடுத்தது' என்று சொல்வதே போதுமானதாக இருந்தது. இதற்கு ஜெர்மனிலேயே துணைச்சான்று உண்டு. 'ஃபெர்கேபன்' என்னும் வினை இன்று மன்னித்தலைக் குறிக்கும். ஆனால் இடைக்காலத்தில் ஒருவருக்கு நஞ்சூட்டுதலையும் அது குறித்தது. டச்சு மொழியின் 'ஃபெர்கேவன்' என்பதிலும் இவ்விரு பொருளும் இருந்தன. ஒரே வினையடியின் வேறொரு வடிவமும் அதே பாதையில் சென்றிருப்பது, செயப்படுபொருளைச் சொல்லாது விடுதலே இம்மாற்றத்தின் இயக்கம் என்பதை உறுதிப்படுத்துகிறது.

இம்மாற்றம் நிறைவுற்றமைக்குச் சிறந்த சான்று மருத்துவர் பாராசெல்சஸின் எழுத்தாகும். அவர் 1538இல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'ஏழு தற்காப்புரைகள்' என்னும் நூலில், எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டென்றும், ஒன்று நஞ்சாகாமல் இருப்பதை அளவே தீர்மானிக்கிறது என்றும் வாதிட்டார். அக்கருத்தைக் கூறும் இடத்தில் நஞ்சுக்குக் 'கிஃப்ட்' என்னும் சொல்லையும், அளவுக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த 'டோசிஸ்' என்னும் சொல்லையும் அவர் ஆள்கிறார். மூலச்சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும் ஒரே கருத்தின் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. அளவு என்னும் பொருளை மொழிபெயர்ப்பு முற்றிலும் இழந்துவிட்டதால், அப்பொருளுக்காக மூலச்சொல்லையே மீண்டும் அழைக்க நேர்ந்தது.

இலக்கணப் பாலும் இப்பிரிவினையைக் காட்டுகிறது. இவ்விகுதி பெற்ற ஜெர்மன் தொழிற்பெயர்கள் பெண்பாலுக்கு உரியவை. எழுத்தைக் குறிக்கும் 'ஷ்ரிஃப்ட்' இன்றும் பெண்பாலே. நஞ்சைக் குறிக்கும் 'கிஃப்ட்' மட்டும் அஃறிணைப் பாலுக்கு மாறிவிட்டது. சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்னும் கூட்டுச்சொல்லோ பெண்பாலிலேயே நிற்கிறது. 'உடன் கொடுப்பது' என்னும் பொருளை முற்பகுதி உறுதிசெய்வதால் அதில் மயக்கத்திற்கு இடமில்லை. ஆகவே பழம்பொருள் அதற்குள் பாதுகாப்பாக இருந்தது. டச்சு மொழி வேறு வழியை மேற்கொண்டது. கொடைக்குக் 'கிஃப்ட்' என்பதை வைத்துக்கொண்டு, நஞ்சுக்கு இறுதி டகரம் நீங்கிய 'கிஃப்', முன்னொட்டுப் பெற்ற 'ஃபெர்கிஃப்' ஆகியவற்றைப் பொதுவழக்காக்கியது.

கடல் கடந்த பொருள்

ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் உள்ள நஞ்சுப் பொருள் அம்மொழிகளில் தானாகத் தோன்றியதன்று. இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் வழியாக அது தாழ் ஜெர்மனிலிருந்து வந்தது. லூபெக் நகர வணிகரும் கைவினைஞரும் விஸ்பி, ஸ்டாக்ஹோம், பெர்கன் ஆகிய துறைமுகங்களில் நிலைகொண்டனர். 14ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் நகரச் சட்டம் நகர மன்ற இடங்களில் பாதிவரை ஜெர்மானியருக்கு இடமளித்தது. அவ்வேற்பாடு 1471இல்தான் நீக்கப்பட்டது. பணம் செலுத்துதல், தையற்காரர், நகரத் தலைவர் ஆகியவற்றைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொற்கள் தாழ் ஜெர்மனிலிருந்து பெற்றவை. நஞ்சுப் பொருளுடைய 'கிஃப்ட்' என்பதும் இவ்வரிசையைச் சேர்ந்தது.

இதன் விளைவாக ஸ்காண்டிநேவிய மொழிகளில் ஒரே வேரிலிருந்து பிறந்த இரு சொற்கள் சந்தித்தன. மணத்தைக் குறிப்பது தலைமுறை தலைமுறையாக வந்த சொல். நஞ்சைக் குறிப்பது கடல்வழி வந்த சொல். ஹான்சாவின் மொழித்தாக்கம் மிகக் குறைவாக எட்டிய ஐஸ்லாந்திக்கில் மணச்சொல் மட்டுமே உள்ளது. நஞ்சுக்குப் பழைய 'எயிட்ர்' தொடர்கிறது. எனவே மணமும் நஞ்சும் ஒரு சொல்லில் கூடியிருப்பது, மணம் பற்றிய பழைய ஜெர்மானியரின் எவ்விதக் கருத்தையும் காட்டாது. அது இடைக்கால வணிகத்தின் விளைவு.

மார்செல் மோஸின் விளக்கமும் அதன் வரம்பும்

பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1924இல், ஜெர்மன் இலக்கிய அறிஞர் ஷார்ல் அந்லேருக்கு அளிக்கப்பட்ட பாராட்டு மலரில், இச்சொல்லையே இருமுறை எழுதித் தலைப்பாக்கிய சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்த கொடை பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆய்விலும் இச்சொல் இடம்பெற்றது. கொடை பெறுபவரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் உடையது. திருப்பிச் செய்யப்படாத கொடை ஆபத்தானது. பழைய ஜெர்மானியரிடையே கொடை பெரும்பாலும் குடிக்கும் பானமாக அமைந்ததால், அது விருந்தா நஞ்சா என்னும் ஐயம் என்றும் உடனிருந்தது. கொடையும் நஞ்சும் ஒரு சொல்லாக அமைந்ததன் பின்புலம் இதுவே என்பது அவர் கருத்தின் சாரம். 'டோசிஸ்' வழியான விளக்கத்தை அவர் அறியாதவர் அல்லர். பொதுமக்கள் அறிந்த ஒரு பொருளுக்கு ஏன் கற்றோர் வழக்கிலிருந்து சொல் எடுக்கப்பட வேண்டும் என்றும், மொழிபெயர்ப்புக்கு ஏன் இச்சொல்லே தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும் அவர் வினவினார்.

அவ்வினாக்கள் வலிமையானவை. குடிப்பதற்கும் கொடைக்கும் தொடர்புண்டு என்னும் அவர் கூற்றுக்கும் மொழியில் ஆதரவு உண்டு. அன்பளித்தலைக் குறிக்கும் 'ஷெங்கன்' என்னும் ஜெர்மன் வினையின் முதற்பொருள் பானம் ஊற்றுதலே. ஆயினும் மேற்கண்ட சான்றுகள் அவர் முடிவுக்கு மூன்று தடைகளை எழுப்புகின்றன. முதலாவது, காலம். கொடையின் இருமை பழைய ஜெர்மானியச் சிந்தனைக்கு உரியதாயின், நஞ்சுப் பொருள் காத்திக்கிலும் பழைய ஆங்கிலத்திலும் பழைய நார்ஸிலும் வெளிப்பட்டிருக்க வேண்டும். அங்கோ மணப்பொருளே முன்நிற்கிறது. இரண்டாவது, இடம். பழமையைப் பெரிதும் காத்த ஐஸ்லாந்திக்கில் இவ்விருமை இல்லை. மூன்றாவது, பொதுமை. கொடையோடு தொடர்பற்ற சொற்களும் இதே பாதையில் நஞ்சாகியுள்ளன. ஆங்கிலத்தின் 'பாய்சன்' என்னும் சொல் குடிப்பது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இலத்தீனின் 'வெனெனும்' என்பதும் நன்மருந்து, நச்சுமருந்து இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. அச்சொல்லை ஆள்பவர் நல்லதா தீயதா என்று சேர்த்துக் கூற வேண்டும் என ரோமானியச் சட்ட அறிஞர் காயுஸ் எழுதியுள்ளார். நஞ்சை அதன் பெயரால் சொல்லாமல், ஊட்டப்படும் ஒன்றின் பொதுப்பெயரால் சுட்டுவது பல மொழிகளுக்கும் பொதுவானது. ஆகவே மோஸ் எழுப்பிய வினாவுக்கு விடை கொடையின் மறைபொருளில் இல்லை. நஞ்சைச் சொல்லத் தயங்கும் மங்கல வழக்கில் உள்ளது.

வேறொரு வேர் தரும் சான்று

கொடுத்தலைக் குறிக்கும் மற்றோர் இந்தோ-ஐரோப்பிய வேரின் வரலாறு இம்முடிவுக்குத் துணைசெய்கிறது. இலத்தீனில் அன்பளிப்பைக் குறிக்கும் 'தோனும்', சீதனத்தைக் குறிக்கும் 'தோஸ்', கிரேக்கத்தின் 'டோசிஸ்' ஆகிய மூன்றும் அவ்வேரிலிருந்து பிறந்தவை. அன்பளிப்பு, மணம், மருந்தளவு என்னும் மூன்று இடங்களும் இங்கும் நிரப்பப்பட்டுள்ளன. ஆனால் விகுதி வேறுபாட்டால் அவை மூன்று சொற்களாகப் பிரிந்து நின்றன. ஆகவே எவரும் வியப்படையவில்லை. சமஸ்கிருதத்தின் 'தான' என்பதும் இவ்வேரைச் சேர்ந்ததே. தமிழ் தன் வழக்கில் ஏற்ற 'தானம்' என்னும் சொல்லும், அண்மைக் காலத்தில் ஆங்கிலம் வழியாக வந்த 'டோஸ்' என்னும் சொல்லும் இவ்வகையில் ஒரே வேரின் வெவ்வேறு வரவுகள். கன்னிகாதானம் என்னும் தொடரில் கொடுக்கப்படுவது யார் என்பது சொல்லின் முற்பகுதியிலேயே வெளிப்படையாகக் கூறப்படுகிறது. ஜெர்மானியச் சொல்லில் அது தொக்கு நின்றது. வேறுபாடு கருத்தில் இல்லை; சொல்லமைப்பில் உள்ளது.

முடிவுரை

'கிஃப்ட்' என்னும் சொல்லின் மூன்று பொருள்களும் ஒரே வேரின. ஆனால் ஒரே வரலாற்றின அல்ல. மணப்பொருள் பழமையானது, பெண்ணைக் கொடுக்கும் உரிமையை வரையறுத்த சட்டத்தில் வளர்ந்தது. நஞ்சுப் பொருள் பிற்பட்டது. இலத்தீன் கற்ற மருத்துவத்தில் தோன்றி, மங்கல வழக்கால் பரவி, வணிகரோடு கடல் கடந்தது. இன்று ஆங்கிலத்தில் நிலைபெற்றுள்ள அன்பளிப்புப் பொருள், சட்டமும் மருத்துவமும் அவ்விடத்திற்கு வேறு சொற்களைப் பிரெஞ்சிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் பெற்றுக்கொண்டதால் எஞ்சியது.

இதனால் பெறப்படும் முறையியல் கருத்து ஒன்று உண்டு. பல்பொருள் ஒரு சொல்லின் பொருள்களை ஓர் அழகிய கருத்தால் இணைப்பதற்கு முன், ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே காலமும் இடமும் வழியும் காணப்பட வேண்டும். அவ்வாறு கண்டபின் எஞ்சும் ஒற்றுமை சிறிதாக இருக்கலாம்; ஆனால் உறுதியானதாக இருக்கும். இச்சொல்லில் எஞ்சும் ஒற்றுமை, கொடுக்கப்பட்டது எது என்பதைச் சொல்லாமல் விட்டமையே. ஐனியின் சட்டத்தில் அப்பெயரில்லாப் பொருள் ஒரு பெண்ணாக இருந்தாள். நஞ்சூட்டியவரின் கையில் அது ஒரு துளி மருந்தாக இருந்தது. எதைச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு சமூகம் கருதியதோ, அதையே அச்சொல் பொருளாகப் பெற்றது.